பாதுகாப்பும் வேண்டும், உரிமையும் வேண்டும்

வடக்கிலும் கிழக்கிலும் எத்தனையோ பெண்கள் தமது சொந்த வளவுக்குள் கால்வைக்க முடியாதபடி இரண்டு விதமான பலகைகள் தடுத்தன. ஒன்று, மண்டையோட்டுப் படத்துடன் மிதிவெடி அபாயத்தை எச்சரித்த சிவப்புப் பலகை. மற்றையது, இது படையினரின் இடம், உட்செல்லத் தடை என்று சொன்ன பலகை. இரண்டும் பாதுகாப்பின் பெயராலேயே நடப்பட்டன. ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

மிதிவெடிப் பலகையை யாரும் எதிர்க்கவில்லை. விறகு பொறுக்கப் போனவர்களும் மாடு தேடிப் போனவர்களும் கால்களை இழந்ததை நாம் அறிவோம். அத்துடன், அந்தத் தடைக்கு ஒரு முடிவும் இருந்தது. வெடிகள் அகற்றப்பட்டு நிலம் சோதிக்கப்பட்டதும் பலகையும் எடுக்கப்பட்டது. யாருடைய காணி என்று அது பேதம் பார்க்கவில்லை.

மற்றப் பலகையின் கதை வேறு. யுத்தம் 2009 மே மாதத்தில் முடிந்தது. அவசரகாலச் சட்டம் 2011 ஆகஸ்டில் நீங்கியது. ஆயினும் பல காணிகள் திரும்பக் கிடைக்கவில்லை. முல்லைத்தீவு மாவட்டத்தின் பிலக்குடியிருப்பில் 2017 ஜனவரி இறுதியில் பெண்கள் பிள்ளைகளுடன் முகாம் வாசலில் அமர்ந்தார்கள். பனியிலும் வெயிலிலும் இரவு பகலாக இருந்தார்கள். மார்ச் 1ஆம் திகதி காணிகள் விடுவிக்கப்பட்டன. ஒரு மாதப் போராட்டத்தில் விடக்கூடிய காணியை யுத்தம் முடிந்தும் ஏழு ஆண்டுகளுக்கு மேல் வைத்திருக்க வேண்டிய அவசியம் என்ன?

கட்டுப்பாடே கூடாது என்று நாம் சொல்லவில்லை. நமது அரசியலமைப்பின் 14ஆவது உறுப்புரை நடமாடவும் விரும்பிய இடத்தில் வசிக்கவும் உரிமை தருகிறது. தேசிய பாதுகாப்பு, பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம் போன்றவற்றுக்காக அதைச் சட்டத்தின் மூலம் மட்டுப்படுத்தலாம் என்று 15ஆவது உறுப்புரை கூறுகிறது. ஆனால் சித்திரவதையைத் தடுக்கும் 11ஆவது உறுப்புரையை எந்தக் காரணத்துக்காகவும் மட்டுப்படுத்த முடியாது.

எனவே, ஒரு கட்டுப்பாடு வரும்போது நான்கு கேள்விகளைக் கேட்போம். இது சட்டத்தில் உள்ளதா? ஆபத்து உண்மையானதா? எல்லோருக்கும் சமமானதா? எப்போது முடியும்?

கொரோனாக் காலத்தை இதற்கு உரைத்துப் பாருங்கள். 2020 ஏப்ரலில், அந்நோயால் இறந்தவர்களைத் தகனம் செய்வது கட்டாயமாக்கப்பட்டது. வர்த்தமானி இருந்தது, ஆகவே முதற் கேள்விக்குப் பதில் இருந்தது. ஆனால் அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தது. முஸ்லிம் தாய்மார் தமது பிள்ளைகளின் உடலைக்கூட மண்ணில் அடக்க முடியாமல் கலங்கினார்கள். 2021 பெப்ரவரியில்தான் அடக்கம் அனுமதிக்கப்பட்டது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. மன்னிப்பு வந்தது, சாம்பலானவர்கள் திரும்பவில்லை.

சகோதரிகளே, சில விடயங்களை நினைவில் வைத்திருங்கள். ஒரு பெண்ணின் உடலைச் சோதிப்பதாயின், இன்னொரு பெண்ணே கண்ணியமாகச் சோதிக்க வேண்டும் என்பது சட்டம். அரச அதிகாரிகளால் அடிப்படை உரிமை மீறப்பட்டால், 126ஆவது உறுப்புரையின் கீழ் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் வழக்கிடலாம். கொழும்புக்குப் போக வசதியில்லையா? அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிடுங்கள். அங்கு விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. நடந்த திகதி, நேரம், இடம் ஆகியவற்றை அன்றே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

பாதுகாப்பு என்பது நம்மையும் சேர்த்துப் பாதுகாப்பதுதான். நம்மை வெளியே நிறுத்திவிட்டுப் பாதுகாப்பு என்று சொன்னால், அது யாருக்கான பாதுகாப்பு என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.