சிறுகதையில் கிளைமொழியும் எதிர்பார்ப்பும்: புதுமைப்பித்தனை முன்வைத்துச் சில குறிப்புகள்

சிறுகதைத் திறனாய்வில் கிளைமொழி ஓர் அணிகலனாகவும், எதிர்பார்ப்பு கதைப்பின்னல் சார்ந்த உத்தியாகவும் தனித்தனியே நோக்கப்படுவது வழக்கம். இவை இரண்டும் சொற்றெரிவு என்னும் ஒரே வேரிலிருந்து கிளைப்பவை என்பது எமது கருத்து. புதுமைப்பித்தனின் (1906–1948) மூன்று கதைகளைக் கொண்டு இதனை விளக்க முயல்வோம்.

‘பொன்னகரம்’ கதையில் தலைப்பே முதற் பொறி. இலக்கிய மணம் கமழும் அச்சொல், சேரிவாழ்வின் மீது சூட்டப்படும்பொழுது முரண் பிறக்கின்றது. காயமுற்ற கணவனுக்குக் கஞ்சி வார்க்க அம்மாளு என்ன செய்தாள் என்பது ஓரிரு வாக்கியங்களில் சொல்லப்படுகின்றது. காரணம் இறுதிவரை பிற்படுத்தப்படுவதால், வாசகன் முதலில் அவளைத் தீர்ப்பிடுகிறான். பின்னர் தன் தீர்ப்பையே விசாரிக்க நேர்கிறது. இங்கு எதிர்பார்ப்பு அறவியல் வினாவாக மாறுகின்றது.

‘செல்லம்மாள்’ இதற்கு நேர்மாறானது. நாயகியின் மரணம் தொடக்கத்திலேயே கூறப்பட்டுவிடுகின்றது. ‘என்ன நடக்கும்?’ என்ற வினா அற்றுப்போக, ‘எவ்வாறு வாழ்ந்தனர்?’ என்ற வினாவே எஞ்சுகின்றது. அதற்கு விடை தருவது கணவன் மனைவியரின் திருநெல்வேலிப் பேச்சு. சென்னையில் ஜவுளிக்கடைச் சிப்பந்தியாய் உழலும் பிரமநாயகம் பிள்ளைக்கும் நோயாளி மனைவிக்கும் சொந்த ஊர் அப்பேச்சிலன்றி வேறெங்கும் இல்லை. அதனைப் பொதுத் தமிழாக மாற்றின் கதையின் செய்தி கெடாது, துயரம் கெடும்.

‘காஞ்சனை’யில் ஐயம் தீர்க்கப்படுவதேயில்லை. கதை சொல்பவன் எழுத்தாளன். அறிவுவாதச் சொற்களில் சிந்திப்பவன். வீட்டில் நிகழ்வனவற்றை அச்சொற்களால் அளக்க முயன்று தோற்கிறான். அச்சம் பேயினால் மட்டும் விளைவதன்று. அவனது சொற்றொகுதியின் போதாமையாலும் விளைவது.

இவ்வாராய்ச்சி ஈழத்தவராகிய எமக்கு வெறும் அழகியல் விவகாரமன்று. அறுபதுகளின் முற்பகுதியில் நிகழ்ந்த மரபுப் போராட்டத்தின்போது, எமது எழுத்தாளர் கையாண்ட பேச்சுத்தமிழ் ‘இழிசனர் வழக்கு’ எனப் பழிக்கப்பட்டது. ஆனால் மரபின் முதனூலாகிய தொல்காப்பியமே திசைச்சொல்லைச் செய்யுட்குரிய நால்வகைச் சொற்களுள் ஒன்றாகக் கொண்டது. எனவே சொல்லின் தகுதியை விட, அச்சொல்லைப் பேசியோரின் தகுதியே அங்கு உண்மையில் வழக்கிடப்பட்டது எனலாம். டொமினிக் ஜீவாவின் ‘தண்ணீரும் கண்ணீரும்’ 1961இல் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றமை அவ்வழக்கிற் கிடைத்த ஒரு விடையாகும்.

யாழ்ப்பாணப் பேச்சில் நீ, நீர், நீங்கள் என முந்நிலை முன்னிலை வழக்கு உண்டு. ‘நயினார்’, ‘நாச்சியார்’ என்னும் விளிகள் சாதிப் படிநிலையைச் சுமந்தவை. காலங்காலமாக ‘நயினார்’ என்று அழைத்த ஒருவன் ஒருநாள் அச்சொல்லைத் தவிர்த்துப் பேச வாய் திறப்பானாயின், அடுத்து அவன் வாயில் எச்சொல் வரும் என்பதே ஒரு கதைக்குப் போதிய எதிர்பார்ப்பு. அங்கு ஒரு விகுதி மாறுவதும் ஒரு சமூக உறவு முறிவதும் வேறுவேறு நிகழ்ச்சிகளல்ல.

எனினும் கிளைமொழியைக் கையாள்வதாலேயே ஒரு கதை முற்போக்கானதாகிவிடாது. ஆசிரியர் கூற்றுச் செந்தமிழிலும், ஒடுக்கப்பட்டோர் கூற்று நகைப்புக்குரிய கொச்சையிலும் அமையுமாயின், கதை எதிர்க்கும் படிநிலையை அதன் மொழியே மீள நிலைநாட்டிவிடும்.

ஆகவே ஒரு கதையைப் பயிலும்போது மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். யார் எந்தத் தமிழைப் பேசுகிறார்? எச்சொல் எவ்வளவு நேரம் மறைத்துவைக்கப்படுகிறது? அது வெளிப்படும்பொழுது யாருடைய நிலை மாறுகிறது? இவற்றுக்கு விடைகாண முயலும் மாணவன் கதையை மட்டுமன்றி, அக்கதை பிறந்த சமூகத்தையும் படித்தவனாவான்.