சபுராளி வீட்டு பாஸ்வேர்டுகள்: டைரியும் வேண்டாம், வாட்ஸ்அப்பும் வேண்டாம்



2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் அடித்தபோது அதிராம்பட்டினம், பட்டுக்கோட்டை, முத்துப்பேட்டைப் பக்கம் எத்தனை வீடுகளில் ஓடு பறந்தது என்பது உங்களுக்கே தெரியும். எங்கள் வீட்டு அலமாரிக்குள்ளும் மழை இறங்கியது. நனைந்தவற்றில் வாப்பாவின் டைரியும் ஒன்று. பாஸ்போர்ட் விண்ணப்பம், ரயில் டிக்கெட், மின்கட்டணம், மின்னஞ்சல் என எல்லா பாஸ்வேர்டும் அதில்தான் இருந்தன. மை கரைந்து எல்லாம் நீலக் கறையாகிவிட்டது. பிறகு துபாயிலிருக்கும் காக்காவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு வாட்ஸ்அப்பில் வாங்கினோம். அந்த மெசேஜ்கள் இன்னும் எத்தனை போன்களில் கிடக்கின்றனவோ!

டைரி நனையும், போன் தொலையும். பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கவும் வேண்டும். வீட்டில் இருப்பவரும் சபரில் இருப்பவரும் ஆளுக்கொரு சாவியால் திறக்கவும் வேண்டும். இதற்கு நாங்கள் பயன்படுத்துவது ‘பாஸ்’ என்ற இலவச மென்பொருள். 2012-இல் ஜேசன் டோனன்ஃபெல்ட் என்பவர் எழுதியது. பட்டன்கள் கிடையாது. டெர்மினல் என்ற கறுப்புத் திரையில் கட்டளை தட்டித்தான் இயக்க வேண்டும். அதனாலேயே பழைய கணினிக்கும் இது பாரமில்லை.

பல வீடுகளில் தமிழக அரசு 2011 முதல் பிள்ளைகளுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினி சும்மா கிடக்கிறது. அதில் சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸ் இருந்தது நினைவிருக்கலாம். (தமிழில் எழுதினால் இரண்டும் ‘பாஸ்’தான், குழம்ப வேண்டாம்!) அந்தப் பழைய பதிப்பை நம்பாமல், இப்போதைய டெபியன் அல்லது உபுண்டுவை ஏற்றிக்கொள்ளுங்கள்.

கட்டளைகளை இங்கே உச்சரிப்பாகத் தருகிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். முதலில் ‘சுடோ ஆப்ட் இன்ஸ்டால் பாஸ்’. அடுத்து சாவி உருவாக்க ‘ஜிபிஜி’ என்று தட்டி, இடைவெளி விட்டு, இரண்டு சிறு கோடுகள் போட்டு, ‘ஃபுல்-ஜெனரேட்-கீ’ என்று சேருங்கள். பெயர், மின்னஞ்சல் கேட்கும். கடைசியில் சாவிக்கான ரகசியத் தொடர் கேட்கும். நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியது இனி இது ஒன்றுதான். நாலைந்து சொற்கள் கொண்டதாக, பிள்ளைகள் பெயரோ பிறந்த தேதியோ இல்லாததாக வையுங்கள்.

பிறகு ‘பாஸ் இனிட்’ என்று தட்டி உங்கள் மின்னஞ்சலைச் சேர்த்தால் பெட்டி தயார். இருக்கும் பாஸ்வேர்டைப் போட ‘பாஸ் இன்சர்ட் வீடு/மின்கட்டணம்’, புதிதாக உருவாக்க ‘இன்சர்ட்’ இடத்தில் ‘ஜெனரேட்’. ‘பாஸ்’ என்பதற்குப் பின் ஒரு சிறு கோடும் சி எழுத்தும் போட்டுப் பெயரைச் சொன்னால், பாஸ்வேர்டு திரையில் வராமல் காப்பியாகும். 45 வினாடியில் தானே அழியும்.

எங்களுக்கு இதில் பிடித்தது கூட்டுப் பெட்டிதான். சாவி உருவாக்கும்போது இரண்டு பாதி உண்டாகிறது. ஒன்று பூட்ட, மற்றது திறக்க. பூட்டும் பாதி ரகசியமில்லை. காக்கா தம் கணினியில் சாவி உருவாக்கி, பூட்டும் பாதியை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பினார். அதன் கைரேகை எண்ணை போனில் வாசிக்கச் சொல்லி ஒப்பிட்டோம். இதைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள், வந்தது வேறு யாருடைய சாவியாகவும் இருக்கலாம். சரிபார்த்தபின் நம் கணினியில் சேர்த்து ஒப்பமிட்டோம். பிறகு ‘பாஸ் இனிட்’, ஒரு சிறு கோடும் பி எழுத்தும், ‘வீடு’, அதன்பின் இரண்டு சாவிகளின் மின்னஞ்சல். அந்த வீடு என்ற பெட்டியை இப்போது இருவரும் திறக்கலாம், அவரவர் ரகசியத் தொடரால். பெட்டியின் பிரதியை ‘கிட்’ மூலமோ பென்டிரைவிலோ கொண்டுபோகலாம். வழியில் யார் எடுத்தாலும் உள்ளிருப்பதைப் படிக்க முடியாது. ஆனால் கோப்பின் பெயர்கள் மறையாது. எந்த வங்கியில் கணக்கு என்பது பெயரிலேயே தெரிந்துவிடும், பார்த்துப் பெயர் வையுங்கள்.

வங்கி நெட் பேங்கிங் பாஸ்வேர்டைக் கூட்டுப் பெட்டியில் வைக்காதீர்கள். வீட்டாரிடமும் சொல்லக்கூடாது என்றே வங்கிகள் சொல்கின்றன. கூட்டுக் கணக்கும் நாமினியும் இருக்கும்போது அதற்கு அவசியமும் இல்லை.

திறக்கும் சாவி தொலைந்தாலோ, ரகசியத் தொடர் மறந்தாலோ உலகில் யாராலும் மீட்டுத் தர முடியாது. ‘மறந்துவிட்டேன்’ பட்டன் இதில் இல்லை. ஆகவே ஜிபிஜியின் ‘எக்ஸ்போர்ட்-சீக்ரெட்-கீஸ்’ கட்டளையால் சாவியைப் பென்டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அந்தப் பென்டிரைவ் நிலப் பத்திரம், வஸிய்யத் தாள்களோடு தகரப் பெட்டியில் இருக்கிறது. ரகசியத் தொடர் எழுதிய காகிதம் கும்பகோணத்தில் லாத்தா வீட்டில், ஒட்டிய உறைக்குள். இந்த முறை பிளாஸ்டிக் கவரும் போட்டிருக்கிறோம்.