உங்களுக்குத் தெரியுமா? நாள் பார்த்து நடந்த வங்கிக் கொள்ளை

2016 பிப்ரவரி 4, வியாழக்கிழமை இரவு. வங்கதேச மத்திய வங்கியின் பெயரில் நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கிக்கு 35 பணப் பரிமாற்ற உத்தரவுகள் போயின. கேட்ட தொகை ஏறத்தாழ 95 கோடி டாலர். அனுப்பியவர்கள், டாக்காவில் அந்த வங்கியின் கணினிக்குள் புகுந்திருந்த திருடர்கள்.

அவர்கள் நாள் குறித்த விதம்தான் மலைக்க வைக்கிறது. வங்கதேசத்தில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. ஞாயிறன்று டாக்கா விழித்துக்கொண்டபோது நியூயார்க்கில் ஆளில்லை. திங்களன்று, பணத்தின் பெரும்பகுதி போய்ச் சேர்ந்த பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில் சீனப் புத்தாண்டு விடுமுறை. வங்கிகள் பணப் பரிமாற்றத்துக்குப் பயன்படுத்தும் ஸ்விஃப்ட் வலையமைப்பின் செய்திகளை டாக்காவில் அச்சடித்துத் தள்ளும் பிரிண்டரையும் முடக்கிவிட்டார்கள். வழக்கமான கோளாறு என்றே ஊழியர்கள் நினைத்தார்கள்.

பெரும்பாலான உத்தரவுகள் நியூயார்க்கிலேயே நின்றன. இலங்கைக்குப் போன 2 கோடி டாலர், பெறுநர் பெயரில் இருந்த எழுத்துப்பிழையால் சிக்கித் திரும்பியது. மணிலாவுக்குப் போன 8.1 கோடியின் பெரும்பகுதி சூதாட்ட விடுதிகளில் கரைந்தது. மீண்டது சுமார் 1.5 கோடிதான். பிலிப்பைன்ஸின் கறுப்புப்பணத் தடுப்புச் சட்டம் அன்று சூதாட்ட விடுதிகளைத் தொடவே இல்லை. வாசலை இப்படித் திறந்துபோட்டிருந்தது பெரும் குற்றம். அதை அடைக்கும் சட்டத் திருத்தம் 2017-ல்தான் வந்தது.