ஆசிரியர்களின் மனச்சுமையை அறிவோமா?



2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது, பிள்ளைகளின் படிப்பு என்னவாகுமோ என்று நாம் அனைவரும் கலங்கினோம். அவர்களுக்குக் கற்பித்தவர்களின் உள்ளம் என்ன பாடுபட்டது என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்தோம்?

கொரோனா பெருந்தொற்றின் உச்சத்தில் உலகெங்கும் சுமார் 150 கோடி மாணவர்களும் 6 கோடிக்கும் அதிகமான ஆசிரியர்களும் பாதிக்கப்பட்டதாக யுனெஸ்கோ கணக்கிட்டது. தமிழகத்தில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறக்கப்பட்டன.

சுமைக்கான காரணங்கள்

முதலாவது, பாடம் புரிந்ததா இல்லையா என்பதை ஆசிரியருக்கு உணர்த்துவது மாணவரின் முகம். இணையவழி வகுப்பில் அம்முகம் மறைந்தது. கைப்பேசி இல்லாத ஏழைப் பிள்ளையோ வகுப்பிலிருந்தே மறைந்து போனான். அவன் என்ன ஆனான் என்ற கவலை ஆசிரியரை உறுத்தியது.

இரண்டாவது, பணிநேரத்திற்கு வரம்பு இல்லாமற்போனது. இரவிலும் வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடங்கள் வந்து குவிந்தன. ஆசிரியைகளுக்கு வீட்டு வேலையும் சேர்ந்துகொண்டது.

மூன்றாவது, வருமானம். பெற்றோர் பலர் தொழில் இழந்து கட்டணம் செலுத்த இயலாத நிலையில், தனியார் பள்ளி ஆசிரியர் பலரின் ஊதியம் குறைக்கப்பட்டது. சிலருக்கு அறவே நின்றது. குடும்பத்தைக் காக்கக் கூலி வேலைக்குச் சென்றவர்களும் உண்டு.

இது பலவீனமா?

உடலும் உள்ளமும் ஓய்ந்துபோதல், பணியில் ஒட்டுதல் அறுதல், 'என்னால் பயனில்லை' என்ற எண்ணம் ஆகிய மூன்றும் சேர்ந்த நிலையைப் பணிச்சோர்வு என்பர். இது நோயன்று, முறையாகக் கையாளப்படாத பணி அழுத்தத்தின் விளைவே என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் தெளிவுபடுத்தியது. ஆகவே, சோர்ந்தவரை மன உறுதியற்றவர் எனப் பழிப்பது அநீதியாகும். சுமையைக் குறைப்பதே அதற்கு உரிய தீர்வு.

எனினும், துயரமும் உறக்கமின்மையும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரை நாடத் தயங்கலாகாது. 2022இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம்.

நமது கடமை

பள்ளிகள் திறந்துவிட்டன. ஆனால் அன்று பழகிய இரவு நேரச் செய்திகள் இன்னும் ஓயவில்லை. அவற்றை நாம் நிறுத்த வேண்டும். வசதி உள்ளோர் கட்டணத்தை உரிய காலத்தில் செலுத்த வேண்டும். இடர்க்காலத்திலும் ஊதியம் கிடைக்க நிர்வாகிகள் நிதி ஒதுக்கி வைக்க வேண்டும்.

அடுத்த முறை பிள்ளையின் மதிப்பெண்ணை விசாரிக்கச் செல்லும்போது, முதலில் ஆசிரியரின் நலத்தை விசாரியுங்கள்!