நீலமா, பச்சையா?

ஒக்லாந்திலிருந்து ரொட்டோருவாவுக்கு நாங்கள் முதன்முதல் போனபோது, மோட்டல் அலுவலகத்திலிருந்த பெண்மணி சாவியைத் தந்துவிட்டு, "நீலமா, பச்சையா?" என்று கேட்டார். ஒன்றும் விளங்கவில்லை. பாலைத்தான் கேட்டிருக்கிறார்! நீல மூடி முழுப்பால், பச்சை மூடி கொழுப்பு நீக்கியது. தங்க வருவோருக்குத் தேநீருக்கெனக் கொஞ்சம் பால் கொடுப்பது இந்நாட்டு மோட்டல்களின் பழைய வழக்கம். அதற்குக் காசில்லை. கூச்சப்படாமல் நீலத்தையே கேளுங்கள். எங்கள் தேநீருக்கு அதுதான் சரி.

ஊரிலுள்ள வாடி வீட்டை நினைத்துக்கொண்டு போகவேண்டாம். அங்கே சமையற்காரர் இருப்பார், சாப்பாடு சொல்லிவைக்கலாம். இங்கே பல இடங்களில் ஒரு குடும்பமே மோட்டலை நடத்துகிறது. பெட்டி தூக்க ஆளில்லை. ஆனால் காரை அறை வாசலிலேயே நிறுத்தலாம். 1925இல் கலிபோர்னியாவில் இச்சொல் பிறந்ததே மோட்டாரில் வருவோருக்காகத்தான். பெரும்பாலும் உள்ளே சிறு குசினியும் கோப்பைகளும் இருக்கும். அடுப்பு உண்டா, மைக்ரோவேவ் மட்டுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். அரிசி, பருப்புக் கொண்டுபோனால் கடைச் சாப்பாட்டுச் செலவு மிச்சம். மிளகாய் பொரிப்பதை மட்டும் வீட்டிலேயே முடித்துவிடுங்கள். புகைக்கு அபாயமணி அலறும்.

இனி, சற்றுச் சங்கடமான விடயம். எமக்குத் தெரிந்த குடும்பமொன்று நான்கு பேர் என்று சொல்லி ஏழு பேர் தங்கியது. இரவு உரிமையாளர் கதவைத் தட்டியபோது பிள்ளைகள் குளியலறையில் ஒளிந்தார்களாம். காசை மிச்சம் பிடிக்கவல்ல. உண்மையைச் சொன்னால் இடமில்லை என்றுவிடுவார்களோ என்ற பயம். சோதனைச்சாவடிகளைக் கடந்து வந்தவர்களுக்கு இந்தப் பயம் எளிதில் போகாது. ஆனால் ஆட்தொகையைக் கேட்பது கட்டில்களுக்கும் தீ விபத்துப் பாதுகாப்புக்கும்தான். மேலதிக ஆளுக்கு மேலதிகக் கட்டணம், அவ்வளவே. இரண்டு படுக்கையறை உள்ள பகுதிகளும் கிடைக்கும். இனத்தையோ பிறந்த நாட்டையோ காரணங்காட்டி இடம் மறுப்பதை 1993ஆம் ஆண்டு மனித உரிமைச் சட்டம் தடைசெய்கிறது.

இரவு பிந்துமானால் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். சாவியை எங்கே வைப்பதென்று சொல்வார்கள். அநேகமாகக் காலை 10 மணிக்கு அறையை விட வேண்டும். அதற்குமுன் கோப்பைகளைக் கழுவி வையுங்கள். மிஞ்சிய பாலைப் பிள்ளைகளுக்கு எடுத்துப் போகலாம்.