பிளஷ் டேங்க் ஒழுகுகிறதா?

குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க, கழிப்பறைக்கு என எல்லாம் சேர்த்து வீட்டில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்பது இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு போடும் கணக்கு. அதில் 45 லிட்டர், அதாவது மூன்றில் ஒரு பங்கு, பிளஷுக்கு மட்டும். தண்ணீர்ச் சிக்கனம் என்று பேச்செடுத்தால் பல் துலக்கும்போது திறந்து கிடக்கும் குழாயைத்தான் முதலில் சொல்வோம். அதை மூட வேண்டியதுதான். ஆனால் அந்த மூன்றில் ஒரு பங்கைக் கையாளும் கருவி, மூடி போட்ட வெள்ளைப் பெட்டியாகக் கழிப்பறையில் இருக்கிறது. பழுதாகும்வரை அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

பிளஷுக்கு ஏன் தனியாக ஒரு டேங்க்? கழிப்பறைக் கோப்பைக்கு அடியில் குழாய் மேல்நோக்கி வளைந்து, பிறகுதான் கீழே இறங்குகிறது. அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நின்று, சாக்கடை நாற்றம் வீட்டுக்குள் வராமல் தடுக்கிறது. கழிவு வெளியேற வேண்டுமென்றால் இந்த வளைவை ஏறித் தாண்டியாக வேண்டும். நிமிடத்துக்குப் பத்து லிட்டர் தரும் குழாயைக் கோப்பைக்குள் திறந்துவிட்டால் அது நடக்காது. ஆறு லிட்டர் சில விநாடிகளில் மொத்தமாக வந்து விழுந்தால் நடக்கும். சின்னக் குழாய் மெதுவாகத் தருவதைச் சேர்த்து வைத்து ஒரே வீச்சில் கொட்டுவதே டேங்கின் வேலை. அரை வாளித் தண்ணீரை வேகமாக வீசி ஊற்றினால் கோப்பை சுத்தமாகிவிடுவதும், அதே தண்ணீரை மக்கில் மொண்டு மொண்டு ஊற்றினால் ஆகாததும் இதனால்தான்.

உள்ளே இருப்பவை இரண்டே வால்வுகள். ஒன்று தண்ணீரை உள்ளே விடுவது. பிளம்பர்கள் பால் காக் என்பார்கள். டேங்க் நிரம்ப நிரம்ப அதன் மிதவை உயர்ந்து, வரும் தண்ணீரை நிறுத்திவிடும். இன்னொன்று டேங்கின் அடியில் இருப்பது. ரப்பர் அல்லது சிலிகான் வாஷர் பொருத்தியது. இதன் இயக்கம் மிக அழகானது. மூடியிருக்கும்போது மேலே நிற்கும் தண்ணீரே அதை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. அடியில் தண்ணீர் இல்லாததால் அதை மிதக்கவைக்க எதுவுமில்லை. பொத்தானை அழுத்தியதும் வால்வு சற்றே எழும்புகிறது, அடியில் தண்ணீர் புகுகிறது, உடனே அது மிதக்கத் தொடங்குகிறது. கையை எடுத்த பிறகும் தண்ணீர் வடியும்வரை மேலேயே நின்று, வடிந்ததும் தானாக இறங்கி மூடிக்கொள்கிறது. மின்சாரமே வேண்டாம்.

ஒரு முறைக்கு எவ்வளவு கொட்டுகிறது என்பதைப் பொறியாளர்கள் பெருமளவு குறைத்துவிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் கரோமா நிறுவனத்தின் புரூஸ் தாம்சன் 1980-ல் இரண்டு பொத்தான் டேங்கை உருவாக்கினார். பெரிய பொத்தானுக்கு 11 லிட்டர், சின்னதற்கு 5.5. வறண்ட நாடான ஆஸ்திரேலியாவில் அது வேகமாகப் பரவியது. இன்று நம் கடைகளில் கிடைப்பவற்றில் பெரும்பாலும் 6 லிட்டரும் 3 லிட்டரும்தான். சிறுநீருக்குச் சின்னப் பொத்தானே போதும். இரண்டையும் சேர்த்து அழுத்தும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் ஒரு முறை சொல்லிக்கொடுத்தால் அது நின்றுவிடும்.

பழைய டேங்க்குக்குள் செங்கல்லைப் போடலாம் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம், செங்கல் ஊறிக் கரைந்து, மணல் வாஷரில் சிக்கும். தண்ணீர் நிரப்பி இறுக மூடிய ஒரு லிட்டர் பாட்டிலை, வால்வில் இடிக்காதபடி வைக்கலாம். அதற்கு மேல் குறைக்க ஆசைப்படக் கூடாது. டேங்க்கும் கோப்பையும் ஒன்றுக்கொன்று பொருத்தமாக வடிவமைக்கப்பட்டவை. அமெரிக்காவில் 1992-ல் சட்டம் போட்டு, 1994 முதல் வீடுகளுக்கான புதிய கழிப்பறைகள் ஏறத்தாழ 6 லிட்டருக்கு மேல் எடுக்கக் கூடாது என்றார்கள். தொடக்கத்தில் வந்த பல கோப்பைகளை அந்த அளவுத் தண்ணீர் சரியாகக் கழுவவில்லை. மக்கள் இரண்டு முறை பிளஷ் செய்தார்கள். கோப்பையின் வடிவத்தை மாற்றிய பிறகே அந்தச் சிக்கல் தீர்ந்தது.

இவ்வளவு சிக்கனமான டேங்கின் உழைப்பையும் ஒரு கசிவு தின்றுவிடும். என் கவலை முழுக்க இதில்தான். சமையலறைக் குழாய் சொட்டினால் சத்தம் கேட்கும், கண்ணில் படும். பிளஷ் டேங்க் கசிந்தால் தண்ணீர் கோப்பையின் பின்சுவரில் மெல்லிய படலமாக இறங்கி, சத்தமே இல்லாமல் சாக்கடைக்குப் போய்விடும். பால் காக் சரியாக மூடாவிட்டாலும் இதே கதைதான். நிரம்பிய தண்ணீர் தரையில் வழியாமல், டேங்கின் நடுவிலுள்ள வழிகுழாய் மூலமாகக் கோப்பைக்குள் இறங்கிவிடும். நிமிடத்துக்கு 100 மில்லி கசிந்தால் நாளொன்றுக்கு 144 லிட்டர். ஒரு மனிதருக்கு ஒதுக்கிய 135 லிட்டரைவிட அதிகம்! அந்த வீட்டில் யாரும் குடிக்காத, குளிக்காத தண்ணீர் அது.

பிரிட்டனில் இந்தக் கசிவுக்கு அஞ்சியே நீண்ட காலம் அடிவால்வை அனுமதிக்காமல் இருந்தார்கள். அங்கே டேங்க்குக்குள் தலைகீழ் 'ப' வடிவில் வளைந்த சைபன் குழாய் இருக்கும். கைப்பிடியை இழுத்தால் கொஞ்சம் தண்ணீர் வளைவின் உச்சியைத் தாண்டும். மிச்சமெல்லாம் அதன் பின்னாலேயே இழுபட்டு இறங்கும். சும்மா இருக்கும்போது தண்ணீர் மட்டம் வளைவுக்குக் கீழே நிற்பதால் ஒழுக வழியே இல்லை, தேய வாஷரும் இல்லை. 2001-ல் விதி தளர்ந்து அடிவால்வுகள் வந்தன. கசியும் கழிப்பறைகள் இப்போது அங்குள்ள குடிநீர் நிறுவனங்களுக்குப் பெரிய தலைவலி. என்னைக் கேட்டால், பழைய ஏற்பாடே கெட்டிக்காரத்தனமானது.

நம் ஊரில் சோதனை எளிது. டேங்க் மூடியைத் திறந்து, உணவில் கலக்கும் வண்ணப்பொடியைக் கொஞ்சம் கரைத்து ஊற்றுங்கள். அரை மணி நேரம் யாரும் பிளஷ் செய்யக் கூடாது. கோப்பையில் நிறம் தெரிந்தால் கசிவு உறுதி. எந்த வால்வு என்று அறிய, தண்ணீர் மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டு, டேங்குக்கு வரும் ஆங்கிள் வால்வை மூடிவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் அடி வாஷர் போய்விட்டது. இறங்காமல் இருந்து, திறந்தவுடன் வழிகுழாயில் தண்ணீர் விழுந்தால் பால் காக்கின் கோளாறு. சுவருக்குள் பதித்த டேங்க் என்றால் பொத்தான் தகட்டைக் கழற்றி உள்ளே பார்க்கலாம்.

ஆழ்துளைக் கிணற்று நீர் புழங்கும் வீடுகளில் வாஷர் தேய்வதற்கு முன்பே உப்பு படிந்து கசியத் தொடங்கும். கழற்றி வினிகரில் ஊறவைத்துத் துடைத்தால் பல சமயம் சரியாகிவிடும். டேங்க்குக்குள் போடும் குளோரின் மாத்திரைகளைத் தவிருங்கள்; அவை ரப்பரை அரித்துவிடும்.

தண்ணீர்ப் பஞ்சத்தின்போது, 2019 ஜூலையில், சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர். நாளுக்கு 144 லிட்டர் கசியும் டேங்குகள் பதினேழாயிரத்துச் சொச்சம் இருந்தால், அந்த ரயில் முழுதும் ஒரே நாளில் சாக்கடைக்குப் போய்விடும். சென்னையில் எத்தனை லட்சம் வீடுகள் என்று நினைத்துப் பாருங்கள். இந்த வாரமே உங்கள் டேங்க்கைத் திறந்து பார்த்துவிடுங்கள். வாஷர் வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும்.