ஓசூரில் பிறந்த நல்ல நேரம்

டைட்டன் என்றதும் கிரேக்கப் புராணத்து ராட்சத தேவர்கள் சிலருக்கு நினைவுக்கு வரலாம். கைக்கடிகாரத்துக்கு அந்தப் பெயர் வந்த கதை அவ்வளவு தூரம் போகவில்லை. ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தால் முன்பாதி டாடா இண்டஸ்ட்ரீஸ், பின்பாதி தமிழ்நாடு.

1984இல் டாடா குழுமமும் தமிழக அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் கூட்டாக டைட்டன் வாட்சஸ் நிறுவனத்தைத் தொடங்கின. அப்போது கடிகாரச் சந்தை பொதுத்துறை நிறுவனமான எச்.எம்.டி.யின் கையில் இருந்தது. ஜப்பானின் சிட்டிசன் உதவியோடு 1961 முதல் பெங்களூரில் கடிகாரம் தயாரித்து வந்த நிறுவனம் அது. மாப்பிள்ளைக்கு மாமனார் போடும் வாட்ச் என்றால் எச்.எம்.டி.தான். வசதி படைத்தவர்கள் தேடியது கடத்தல் சரக்கை.

டைட்டனின் முதல் நிர்வாக இயக்குநர் ஸெர்க்சிஸ் தேசாய் துணிந்து ஒரு பந்தயம் கட்டினார். தினமும் சாவி கொடுக்கும் வாட்ச்சுக்கே நாடு பழகியிருந்தபோது, பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரத்தை நம்பினார். தொழில்நுட்பத்துக்குக் கைகொடுத்தது பிரான்சின் எபாஷ் நிறுவனம்.

தொழிற்சாலைக்குத் தேர்வான இடம், அன்றைய தர்மபுரி மாவட்டத்தின் ஓசூர். கடிகாரத் தொழிலில் பரம்பரை அனுபவம் கொண்ட யாரும் அங்கே இல்லை. தமிழகக் கிராமங்களிலிருந்து பள்ளிப் படிப்பை முடித்த இளைஞர்களையும் பெண்களையும் எடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். கண்ணுக்கு எட்டாத நுண்ணிய பாகங்களைப் பொருத்த அந்த விரல்கள் சீக்கிரமே பழகிக்கொண்டன. உடல் ஊனமுற்றோருக்கும் வேலை கிடைத்தது.

1987இல் கடிகாரங்கள் விற்பனைக்கு வந்தன. கூடவே விற்கும் விதமும் மாறியது. பளிச்சென்ற தனி ஷோரூம்கள் முளைத்தன. பத்திரிகை விளம்பரத்தில் மாடலின் படத்தோடு விலையும் இருந்தது. மோசார்ட்டின் 25ஆம் சிம்பொனியிலிருந்து எடுத்த மெட்டு டி.வி. வழியாக வீடுகளுக்குள் நுழைந்தது. மணி பார்க்கும் கருவி, நகையைப் போல ஆசைப்பட்டு வாங்கும் பொருளாயிற்று. 2002இல் வந்த எட்ஜ் மாடலின் மொத்தப் பருமனே 3.5 மில்லிமீட்டர்தான்.

இந்த வெற்றியில் அதிகம் பேசப்படாத பங்காளி தமிழக அரசு. முதல் போட்டது, நிர்வாகத்தை டாடாவிடம் விட்டது, பங்கையும் கைவிடவில்லை. சுமார் 28 சதவீதப் பங்குகளுடன் டைட்டனின் மிகப் பெரிய பங்குதாரர் இன்றும் டிட்கோதான். டாடா குழுமத்தின் பங்கு அதைவிடக் குறைவு.

எச்.எம்.டி.யும் அரசின் முதலில் வளர்ந்ததுதான். ஆனால், அதன் கடிகார நிறுவனத்தை மூடிவிட 2016இல் மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. இரண்டிலும் அரசுப் பணம் இருந்தது. ஓசூரில் அது முதலாளி நாற்காலியில் உட்காராமல் பங்காளியாக நின்றது.